உள்துறை யாருக்கு?

என் தந்தையின் தம்பி, அதாவது என் சித்தப்பா, வெளியுறவு அமைச்சகத்தில் நாற்காலி போடும் வேலை பார்த்தார். அந்தப் பதவிக்கு அலுவலகத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத அந்தப் பெயரை அவர் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. யாராவது விசாரித்தால், "பெரிய மனுஷங்க உட்காருறதுக்கு நாற்காலி போடுறேன்" என்பார். அவருடைய வாழ்க்கையைக் குடும்பக் குறிப்புகளில் சேர்ப்பதற்காக எழுத உட்கார்ந்தபோது, அதைவிடச் சரியான சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து அமைச்சரோ தூதுக்குழுவோ வரும்போது, அமைச்சகத்தின் இரண்டாவது மாடிக் கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை விருந்தினரின் தூதரகம் ஒரு பட்டியலாக எழுதி அனுப்பும். அந்தப் பட்டியலை நாற்காலிகளாக மாற்றுவதே சித்தப்பாவின் பணி. அமைச்சர்களுக்குக் கைவைத்த நாற்காலி, அதிகாரிகளுக்குக் கையில்லாதது. இரண்டு அமைச்சர்களில் ஒருவர் குள்ளமாக இருந்தால் அவருடைய இருக்கைக்கு அடியில் வெளியே தெரியாதபடி ஒரு திண்டு. காலை வெயில் விருந்தாளியின் கண்ணில் விழாதபடி திரைச்சீலை. ஒரு காது மந்தமானவர் வந்தால் மற்றக் காது பேசுபவர் பக்கம் இருக்கும்படி இடம். எல்லாம் முடிந்தபின் அவர் கூடத்தின் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகுகளின் வரிசையைப் பார்ப்பார். பட்டியலில் இல்லாததைப் போடக்கூடாது, இருப்பதை எடுக்கக்கூடாது. அந்தப் பிரிவின் விதி அவ்வளவுதான். பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் அதை மீறியதில்லை.

ஆனால் அந்த வேலை அவருக்குள் ஒரு நம்பிக்கையை வளர்த்துவிட்டது. ஒருமுறை ஒரு வணிகக் குழு, இரண்டு நாற்காலிகளை இடம் மாற்றினால்தான் உள்ளே வருவோம் என்று நடைக்கூடத்திலேயே நின்றுவிட்டது. மாற்றிப் போட்டதும் உள்ளே வந்தார்கள். பல மாதங்களாக இழுபட்டுக்கொண்டிருந்த விஷயம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. உலகத்துச் சண்டைகளில் பாதி, யாரை எங்கே உட்கார வைத்தோம் என்பதில்தான் தொடங்குகிறது என்று சித்தப்பா முடிவுகட்டிக்கொண்டார். எங்கள் வீட்டு விசேஷங்களில்கூட யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், அவர் காரணம் கேட்கமாட்டார். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கரைச் சித்தி என்று கூப்பிடுவோம். நம் நாட்டுக்கும் அவருடைய நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. அதன் மேல் ரயில் பாலம். இரண்டும் நட்பு நாடுகள். ராணுவப் பயிற்சி கூட்டாக நடக்கும். எரிபொருள் குழாய் ஒன்றாகப் போகும். மேடையில் பேசும்போது இரு பக்கத்துத் தலைவர்களும் சகோதர நாடு என்ற சொல்லைத் தவறாமல் சொல்வார்கள். ஓர் அரசுமுறைப் பயணத்துக்குக் கூடம் அமைத்துக் கொடுக்க அக்கரைக்குப் போன சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி, நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டி உடைந்தது. அதைச் சரிசெய்து கொடுத்த கடையில் கண்ணாடிச் சில்லுக்கு, அதாவது லென்ஸுக்கு, விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தவர் சித்தி. கண்ணாடி ஒன்றுதான் உடைந்தது என்றும், சரிபார்க்க மூன்று தடவை போனார் என்றும் என் தந்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

திருமணமாகி இக்கரை வந்த சித்திக்கு இங்கேயும் அதே வேலை கிடைத்தது. கடைத்தெருவின் முனையில் இருந்த கண்ணாடிக் கடையில், பின்பக்க மேசையில் உட்கார்ந்து, சில்லைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவார். ஆனால் அந்த மேசையில் அவர் ஓர் ஆண்டை முழுதாகக் கழித்ததில்லை.

அதற்குக் காரணம் ஒரு சான்று. மணமாகி வந்த அயல்நாட்டவர் இங்கே தொடர்ந்து குடியிருக்க வேண்டுமானால், ஆண்டுக்கொருமுறை அவருடைய நாட்டின் உள்துறை, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அவர் நேரில் போய், பிறந்த மாவட்டத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துக் காத்திருந்து வாங்கி வர வேண்டும். அக்கரைக்குக் குடிபோகும் நம்மவருக்கும் இதே விதிதான். ஆனால் நம் பக்கத்தில் அப்போது ஒரே கட்சி ஆண்டுகொண்டிருந்தது. விண்ணப்பித்த கையோடு முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள்.

அக்கரையின் கதை வேறு. அங்கே எந்தத் தேர்தலிலும் எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. பெரிய கட்சி ஒன்று உண்டு. அதைத் தாங்கிப் பிடிக்க, ஆற்றை ஒட்டிய மாவட்டங்களில் மட்டும் ஓட்டு வாங்கும் சின்னக் கட்சி ஒன்று உண்டு. நம் நாட்டார் கல்யாணம், சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வந்து தங்கள் நிலத்தில் பங்கு கேட்கிறார்கள் என்பதுதான் சின்னக் கட்சியின் பேச்சு. கூட்டணி சேரும்போது பெரிய கட்சி பிரதமர் பதவியையும் வெளியுறவையும் நிதியையும் தான் வைத்துக்கொண்டு, உள்துறையைச் சின்னக் கட்சிக்கு விட்டுக்கொடுக்கும். உள்துறை சின்னக் கட்சியிடம் இருந்தால் சித்தியின் சான்று மாதக்கணக்கில் தூங்கும். அவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறி, சுயேச்சைகளின் தயவில் ஆட்சி ஓடும் நாட்களில், அதே மேசையில் அதே எழுத்தர் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பார்.

ஆகவே அக்கரையில் தேர்தல் முடிந்தாலும், அமைச்சரவை மாறினாலும், செய்தி கேட்ட உடனே சித்தி கேட்பது ஒரே கேள்விதான். பிரதமர் யார் என்று கேட்கமாட்டார். "உள்துறை யாருக்கு?" என்பார். பதில் கிடைத்ததும் அலமாரிக்கு மேலிருக்கும் பெட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விட்ட வேலையைத் தொடர்வார்.

என் தந்தைக்கு இதில் கேலி உண்டு. "என்னம்மா, உங்க ஊர்ல அரசு நிக்குதா, படுத்துக்கிச்சா?" என்று கேட்பார்.

"நொண்டிக்கிட்டு இருக்கு மாமா. நான் போய்ச் சேருற வரைக்கும் நின்னா போதும்" என்பார் சித்தி.

தொடக்கத்தில் இந்தப் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தோம். ஆண்டுகள் செல்லச் செல்ல, கேட்பவரும் பதில் சொல்பவரும் மட்டும் ஒப்புக்குச் சிரித்தார்கள். பிறகு என் தந்தை கேட்பதை நிறுத்திவிட்டார். மூன்றாவது மாடியில் இருந்த அவர்கள் வீட்டில் எதுவும் முழுதாக நிலைபெறவில்லை. சித்தி வாங்கி வைத்த பூந்தொட்டிகள் அவர் இல்லாத மாதங்களில் காய்ந்துபோகும். சித்தப்பாவுக்கு ஊற்ற நினைவிருக்காது, அல்லது நினைவு வந்து அளவுக்கு மேல் ஊற்றிவிடுவார். கீழ்வீட்டு அம்மாள் படிக்கட்டில் சித்தியைப் பார்த்தால், "வந்தாச்சா? திரும்ப எப்போ?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார். கடை முதலாளி நல்லவர். ஒவ்வொரு முறையும் சித்தியின் மேசையைக் காலியாகவே வைத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவருடைய முகம் கொஞ்சம் சுண்டியது என்று சித்தி சொன்னார்.

இந்தச் சான்றையே நீக்கிவிடும் ஓர் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் நடுவே பல காலமாகப் பேச்சில் இருந்தது. அதில் நம் அரசுக்கு மறுப்பில்லை. அக்கரைப் பெரிய கட்சிக்கும் மறுப்பில்லை. ஆனாலும் இரண்டு தடவை கைக்கு எட்டி நழுவியது. முதல் தடவை, பேச்சுவார்த்தை முடிந்த வாரத்தில் அக்கரையில் நிதிநிலை அறிக்கை ஓட்டெடுப்புக்கு வந்தது. சின்னக் கட்சியின் ஓட்டு தேவைப்பட்டது. அவர்கள் கேட்ட விலை இந்த ஒப்பந்தம். பிரதமர் கொடுத்துவிட்டார். இரண்டாம் தடவையும் ஏறத்தாழ அதே கதை, ஓட்டெடுப்பு மட்டும் வேறு. ராணுவப் பயிற்சியையோ எரிபொருள் குழாயையோ யாரும் அப்படி விலையாகக் கேட்கவில்லை, கேட்டாலும் கிடைத்திருக்காது. இரு அரசுகளின் நட்பு ஒருநாளும் ஆடவில்லை. அந்த நட்பின் ஓரத்தில் கிடந்த சின்னச் சின்ன விஷயங்கள்தான் எடுத்துக் கொடுப்பதற்கு வசதியாக இருந்தன.

அந்த இரண்டு தடவையும் கூடத்தில் நாற்காலி போட்டவர் சித்தப்பா. அவர் கவனித்தது வேறொன்று. அக்கரை உள்துறை அமைச்சர், அதாவது சின்னக் கட்சியின் தலைவர், இரண்டு தடவையும் தூதுக்குழுவோடு வந்திருந்தார். இரண்டு தடவையும் அவருடைய தூதரகம் அனுப்பிய பட்டியல் அவருக்கு மேசையின் கடைசியில், கதவருகே இடம் கொடுத்திருந்தது. இரண்டு தடவையும் அவர் பாதியில் எழுந்து போனார். "கதவுகிட்ட உட்கார வெச்சா மனுஷன் கதவைத்தானே பார்ப்பான்" என்று சித்தப்பா என் தந்தையிடம் சொன்னதாக அறிகிறேன்.

பிறகு ஓர் ஆண்டு, சித்தி ஒரு மழைக்காலம் முழுவதையும் அக்கரையில் தன் தங்கை வீட்டுப் பின்னறையில் கழித்துவிட்டு வந்தார். அவர் வந்த அன்று நானும் என் தாயும் அங்கே இருந்தோம். பெட்டியை அவர் உள்ளே கொண்டுபோகவில்லை. கூடத்தின் நடுவிலேயே விட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் மேல் உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை போனா நான் திரும்பி வரப்போறதில்லைங்க. சண்டைக்குச் சொல்லலை. காலு முடியலை. அந்த ஆபீஸ் பெஞ்சுல உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கு வயசாயிடுச்சு. இங்க இருக்க விட்டா இருக்கேன். இல்லைன்னா அங்கயே ஏதாவது ஒரு கடையில வேலை பார்த்துக்கிட்டுக் கிடக்கேன்."

சித்தப்பா, ஒப்பந்தம் மறுபடியும் பேச்சுக்கு வந்திருக்கிறது, இந்தத் தடவை ஆகிவிடும் என்றார்.

"ஆகட்டும். ஆச்சுன்னா இந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவ எழுந்து போனார் சித்தி.

அந்தத் தடவை உண்மையாகவே ஆகும் போலிருந்தது. அக்கரையில் ஓட்டெடுப்பு எதுவும் அருகில் இல்லாததால் சின்னக் கட்சியால் விலை பேச முடியவில்லை. ஒப்பந்தத்தின் வாசகம் முடிவாயிற்று. கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள். தூதரகத்தின் பட்டியலும் வந்தது. மேசைக்குப் பின்னால் இரண்டே இரண்டு நாற்காலிகள், ஒன்று நம் வெளியுறவு அமைச்சருக்கு, மற்றது அவர்களுடைய வெளியுறவு அமைச்சருக்கு. மற்ற எல்லோரும் பின்வரிசையில் நிற்க வேண்டும். அக்கரை உள்துறை அமைச்சரின் பெயர் நிற்பவர்களின் வரிசையில் இருந்தது.

சித்தப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கதவருகே உட்கார வைத்ததற்கே எழுந்து போனவர், நிற்க வைத்தால் என்ன செய்வார்? சித்தப்பா தம் பிரிவின் தலைமை அதிகாரியிடம் போய், அக்கரையிலிருந்து பெரியவர்கள் இரண்டு பேர் வருகிறார்களே, இன்னொரு நாற்காலி போடலாமா என்று கேட்டார். அந்த அம்மையார் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், பட்டியலில் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் சித்தப்பா. அப்படியானால் இல்லை என்று சொல்லி அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கையெழுத்து நாளன்று காலையில் மேசையில் சிறு கொடிகளை வைக்க வந்தவர், சித்தப்பாவோடு நெடுங்காலம் வேலை பார்த்த கொடிக்காரர். நடந்ததை அவரும் எனக்குச் சொன்னார், சித்தப்பாவும் சொன்னார். இருவர் சொன்னதிலும் வேறுபாடில்லை.

"அண்ணே, பட்டியல்ல ரெண்டுதானே?" என்றாராம் கொடிக்காரர்.

"ரெண்டுதான்."

"எனக்கு மூணு தெரியுதே."

"கண்ணைக் காட்டு. எங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லிக் கண்ணாடி போட்டுத் தரச் சொல்றேன்."

கொடிக்காரர் சிரிக்கவில்லை. மூன்றாவது நாற்காலி அக்கரை வெளியுறவு அமைச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே கைகளோடு இருந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். நான் போட்டேன் என்று சொல், என்றார் சித்தப்பா. பிறகு வழக்கம்போல வாசலில் நின்று ஒரு கண்ணை மூடி வரிசையைப் பார்த்தார். முதுகுகள் மூன்றும் நேராக இருந்தன.

அடுத்து நடந்ததைக் கொடிக்காரர் சொன்னபடியே எழுதுகிறேன். சித்தப்பா அந்த நேரமெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதாக அவரே ஒப்புக்கொண்டார். சின்னக் கட்சித் தலைவர் முதலில் உள்ளே வந்தார். மூன்று நாற்காலிகளைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். நம் அதிகாரி ஒருவர், பட்டியலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். நம் அமைச்சரும் வந்து தம் இடத்தில் அமர்ந்தார். புகைப்படக்காரர்கள் படமெடுத்தார்கள். படத்தில் நம் அமைச்சர், நடுவில் ஒரு காலி நாற்காலி, அந்தப் பக்கம் சின்னக் கட்சித் தலைவர். அப்போதுதான் அக்கரை வெளியுறவு அமைச்சர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே உள்ளே வந்தார். பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவர் உட்காரவே இல்லை.

பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் கூட்டணி சேர்ந்தபோது செய்துகொண்ட உடன்படிக்கையில், வெளிநாட்டு ஒப்பந்தங்களில் பெரிய கட்சியின் அமைச்சர் மட்டுமே கையெழுத்திடுவார் என்று ஒரு பிரிவு இருந்தது. எங்கள் கையெழுத்தும் வேண்டும் என்று சின்னக் கட்சி அப்போது சில மாதங்களாக அவர்களுக்குள் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. அவர்கள் வீட்டுச் சண்டை அது. சித்தப்பாவுக்குத் தெரியாது. தலைமை அதிகாரிக்குத் தெரியும். அதனால்தான் அவர் பட்டியல், பட்டியல் என்றார். மேசையில் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தவர்களுக்கு, நம் அரசே அந்தச் சண்டையில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது போலத் தெரிந்தது. சின்னக் கட்சித் தலைவர், உட்கார வைத்தாயிற்று, எனக்கும் ஒரு பிரதியைக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று கேட்டார். அக்கரைத் தூதர் நம் அதிகாரிகளிடம் வந்து சிறிது நேரம் ஓய்வு கேட்டார். எல்லோரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். மேசைக்கு யாரும் திரும்பவில்லை. நேர நெருக்கடியால் கையெழுத்து ஒத்திவைக்கப்பட்டதாகவும், இரு நாட்டு உறவு என்றும்போல் வலுவாக இருப்பதாகவும் மாலையில் அறிக்கை வந்தது. அறிக்கையின் பின்பாதி உண்மைதான். எரிபொருள் குழாய் பற்றிய பேச்சு அன்றே கீழ்மாடியில் நல்லபடியாக முடிந்தது.

தலைமை அதிகாரி சித்தப்பாவை அழைத்து, யார் போடச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றார் சித்தப்பா.

"இத்தனை வருஷத்துல நீங்க ஒண்ணு கூடவோ குறையவோ போட்டதில்லையே."

"ஒண்ணு கூடப் போட்டா யாருக்கு என்ன குறைஞ்சிடும்னு நினைச்சேன் மேடம்."

அந்த அம்மையார் நெற்றியைத் தடவிக்கொண்டு, வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

சித்தப்பா வீட்டுக்குப் போகவில்லை. கடைத்தெருவுக்குப் போய், கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். சித்தி அப்போது ஒரு சட்டத்தில் திருகாணி பொருத்திக்கொண்டிருந்தார். வாயில் இன்னொரு திருகாணி இருந்தது. முன்னால் ஒரு முதியவர், கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாததால் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, மூக்கில் அழுத்துகிறது என்று சொல்லி, சரிசெய்து வாங்கிக்கொண்டு போகும்வரை சித்தப்பா காத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். அவர்களுக்குள் நடந்த இந்தப் பேச்சைச் சித்தி எனக்குப் பின்னாளில் சொன்னார். சித்தப்பாவும் மறுக்கவில்லை.

"அந்த மனுஷனுக்கா நாற்காலி போட்டீங்க?" என்றார் சித்தி. முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்ததாம்.

"நிக்க வெச்சா கோவிச்சுக்குவாருன்னு..."

"கோவிச்சுக்கிறதுதாங்க அவருக்கு வேலை. எங்களை மதிக்கலை, உட்கார வைக்கலைன்னு சொல்லித்தானே எங்க ஊர்ப்பக்கம் ஓட்டு வாங்குறாரு. நின்னிருந்தா அதை நாலு ஊர்ல சொல்லிக்கிட்டுப் பேசாம போயிருப்பாரு. உங்க ஒப்பந்தமும் நடந்திருக்கும்."

சித்தப்பா குனிந்து, தரையில் விழுந்திருந்த ஒரு திருகாணியைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் சித்தி.

"உனக்காகத்தான் போட்டேன்."

"தெரியுது" என்று சொல்லிவிட்டு, சித்தி மேசையில் சிந்தியிருந்த சில்லுத் தூளைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார் என்று சித்தப்பா சொன்னார்.

மறுநாள் அக்கரைப் பத்திரிகைகளில் அந்தப் படம் வந்தது. சின்னக் கட்சி அதைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டியது. சில வாரங்களில் கூட்டணி உடைந்து அரசு கவிழ்ந்தது. ஒரு நாற்காலியால் ஓர் அரசு கவிழ்ந்தது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். தானியக் கொள்முதல் விலையில் அவர்களுக்குள் ஏற்கெனவே பெரிய பிளவு இருந்தது. பிரிந்துபோக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, படம் கிடைத்தது, அவ்வளவுதான். இதைச் சித்தப்பாவிடம் நான் பலமுறை எடுத்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் தலையாட்டினார். ஒருமுறைகூட நம்பவில்லை.

அரசு கவிழ்ந்ததால் ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே கிடப்பில் போனது. இடைக்கால அரசுக்குச் சான்று வழங்கும் அதிகாரம் இல்லை. சித்தியின் குடியிருப்பு அனுமதி முடியும் நாள் நெருங்கியது. அவர் அலமாரியின் மேலிருந்து பெட்டியைத் தானே இறக்கினார். பூந்தொட்டிகளைக் கீழ்வீட்டு அம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். முதல்முறையாக, திரும்ப எப்போது என்று கேட்கவில்லை. கடை முதலாளியிடம் மேசையை இனிக் காலியாக வைத்திருக்க வேண்டாம் என்று சித்தியே சொல்லிவிட்டார். ரயில் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கிய சித்தப்பா, ஜன்னலோரம் நின்று, உட்கார இடம் சரியாக இருக்கிறதா, வெயில் அடிக்காத பக்கம்தானே என்று கேட்டார். அடிக்கும், பாலம் தாண்டினால் மாறிவிடும் என்றார் சித்தி.

அமைச்சகம் அவரைத் தண்டிக்கவில்லை. அரங்க ஏற்பாட்டில் நேர்ந்த கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டு, அவரைத் தரைத்தளத்தில் இருந்த நாற்காலிக் கிடங்குக்கு மாற்றினார்கள். கால் உடைந்தவை, துணி கிழிந்தவை, எப்போதோ மாறிப்போன பழைய அரசுச் சின்னம் பொறித்தவை எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். உட்கார ஆளில்லாத அந்த இடத்தில் அவர் சில காலம் வேலை பார்த்தார். அக்கரையில் புதிய அரசு அமைய மாதக்கணக்கில் ஆயிற்று. அமைந்தபோது உள்துறை மறுபடி சின்னக் கட்சிக்கே போனது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் சித்தப்பா விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். என் தந்தை, யோசித்துச் செய்தாயா என்று கேட்டதற்கு, "இல்லைண்ணே. யோசிச்சுச் செஞ்சது ஒண்ணு போதும்" என்றார்.

இப்படித்தான் அவர் அக்கரைக்குக் குடிபோனார். விதி இப்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டது. நம் நாட்டு உள்துறையிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஆண்டுக்கொருமுறை வாங்கிப் போக வேண்டியவர் அவர். முதல் இரண்டு ஆண்டுகளும் காலையில் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு, அலுவலகம் போய், முத்திரை வாங்கிக்கொண்டு மாலை ரயிலுக்குத் திரும்பிவிட்டார். வரும்போது என் தந்தைக்குச் சித்தி கையால் செய்த கண்ணாடி ஒன்றும் கொண்டுவந்தார்.

ஒருமுறை நான் அங்கே போயிருந்தேன். சித்தியின் தங்கை வீட்டு மாடியில் இரண்டு அறைகள். சித்தி பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் சில்லு தேய்க்கிறார். சித்தப்பா அந்தக் கடையில் வாடிக்கையாளர் பெஞ்சைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக் கொடுத்திருக்கிறார், தலையின் எண்ணெய் சுவரில் படாமலிருக்க. அதைத் தவிர அவருக்கு வேலை என்று எதுவுமில்லை. இரவு உணவுக்கு மேசையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. எனக்காக உள்ளறையிலிருந்து மூன்றாவது ஒன்றைத் தூக்கிவந்தார்.

"பார்த்துப் போடுங்க. இப்போதான் ஒரு அரசு அமைஞ்சிருக்கு" என்றார் சித்தி.

சித்தப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியின் முதுகை மற்ற இரண்டுக்கும் நேராக நகர்த்தி வைத்தார்.

இந்த ஆண்டு நம் நாட்டில் தேர்தல் நடந்தது. எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஆண்ட கட்சிக்கு முதல்முறையாகப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆற்றோர மாவட்டங்களில் மட்டும் நின்று ஜெயித்த புதிய கட்சி ஒன்றின் ஆதரவு அதற்குத் தேவைப்படுகிறது. அக்கரையார் விஷயத்தில் அந்தக் கட்சி பேசுவதும், அக்கரைச் சின்னக் கட்சி நம்மவரைப் பற்றிப் பேசுவதும் ஏறத்தாழ ஒரே பேச்சு. முடிவுகள் வந்த மறுநாள் காலை சித்தப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. உடம்பு எப்படி, அண்ணன் எப்படி என்று அவர் வழக்கமாகக் கேட்பவற்றில் எதையும் கேட்கவில்லை.

"ஏம்மா, உள்துறை யாருக்கு?"

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், முடிவாகவில்லை என்றேன். அவர் சரி என்றார். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் எங்கோ கனமான ஒன்று தரையில் இறங்கும் ஓசை கேட்டது.

"என்ன சத்தம் சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை. சித்தி பெட்டியைத் தூசு தட்டுறா" என்றார்.